தவறவிட்டதில் பெரியது எது?

மாப்பிள்ளை,

பொங்கலுக்கு முன் நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில். திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தாத்தா ரிட்டயர் ஆகிவிட்டார், அந்த சைக்கிளை மட்டும் விடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிரேன் உத்தரத்தின் வெல்டிங்கில் விரிசல் எப்படி வளரும் என்ற கணக்கு இப்போது என் தலையில். விரிசலின் பாதையை ஆற்றல் கணக்கிலிருந்தே கண்டுபிடிக்கும் ஃபேஸ் ஃபீல்டு முறையில் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். விரிசல் எந்தப் பக்கம் போகும் என்று நாம் சொல்லவே வேண்டாம்டா! நீள்வதால் விடுபடும் ஆற்றல், புதுப் பரப்பு உண்டாக்க ஆகும் செலவை எட்டினால் விரிசல் நகரும். 1921-இல் கிரிஃபித் என்ற ஆங்கிலேய இன்ஜினியர் சொன்னதுதான். பக்கத்தில் ஒரு துளை வைத்தேன், விரிசல் தானாக வளைந்து அதை நோக்கிப் போனது. சாப்பிடக்கூட எழுந்திருக்க மனம் வரவில்லை.

பாதை சரி. எத்தனை சுமைச் சுழற்சி (சுமை ஒரு முறை ஏறி இறங்குவது) தாங்கும் என்பதில்தான் தூக்கம் போகிறது. அதற்கு, ஒவ்வொரு சுழற்சிக்கும் விரிசல் எவ்வளவு நீளும் என்று சொல்லும் பேரிஸ் விதியை எடுத்தேன். அதில் வரும் அடுக்கு (பவர்) எஃகுக்குச் சுமார் 3. தகைவு வீச்சு, அதாவது சுமை ஏறி இறங்கும்போது உலோகத்துக்குள் இழுவிசை மாறும் அளவு, இரட்டித்தால் விரிசல் எட்டு மடங்கு வேகமாக வளரும். 25 மி.மீ.யில் உடையும் என்று வை. 1 மி.மீ.யிலிருந்து 4 மி.மீ. ஆவதற்குள்ளேயே ஆயுளில் 60 சதவீதத்துக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. ஆக, தொடக்க விரிசலுக்கு 1 மி.மீ. போடுவதா 4 மி.மீ. போடுவதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த எண்ணை என் கம்ப்யூட்டர் தராது.

1969 டிசம்பரில் அமெரிக்காவில் ஓர் எஃப்-111 போர் விமானத்தின் இறக்கை பறக்கும்போதே பிய்ந்து விழுந்தது. பறந்திருந்ததே சுமார் 100 மணி நேரம். இரண்டு விமானிகளும் போய்விட்டார்கள். இறக்கையைத் தாங்கும் எஃகுத் துண்டில், ஃபோர்ஜிங் (சூடாக்கி அடித்து உருவாக்குவது) செய்தபோதே விழுந்த 2 செ.மீ.க்கும் மேற்பட்ட விரிசல், எல்லாச் சோதனையையும் தாண்டி உள்ளே போயிருக்கிறது. பறக்கையில் அது வளர்ந்தது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் அமெரிக்க விமானப்படை, பாகத்தில் தொடக்கத்திலேயே விரிசல் உண்டு என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட வேண்டும் என்று விதி எழுதியது.

என் உத்தரத்துக்குக் கீழேயும் ஆட்கள் நடக்கிறார்கள்டா. நீ தினம், ஒலியலை அனுப்பி உலோகத்துக்குள் விரிசல் தேடும் அல்ட்ராசோனிக் ப்ரோபோடு திரிகிறவன். நீங்கள் கண்டுபிடித்த விரிசல்களில் மிகச் சிறியது எனக்கு வேண்டாம், அதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். தவறவிட்டுப் பிறகு தெரியவந்ததில் பெரியது எது? வெல்டிங்கின் வேருக்கும் (உள்ளே அடிப்பக்கம்) ஓரத்துக்கும் (மேலே தகட்டைத் தொடும் விளிம்பு) தனித்தனியாக, ஆழத்தோடு எழுது. அது வரும்வரை 4 மி.மீ. என்றே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்