மணியுடை அரியே: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். கல் தரம் பார்க்கும் வேலையில் நீ சேர்ந்துவிட்டதாக உன் அப்பா சொன்னான். 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க வைரத்துக்குள் எட்டிப் பார்க்கிறாயாமே. கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

போன வாரம் போனில் நீ கேட்டாய்: "முத்துப் பல், பவள வாய். இதைத் தாண்டி நம் புலவர்களுக்குக் கல்லைப் பற்றி என்ன அத்தை தெரியும்?" அப்போது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அப்புறம் இரண்டு நாள் அதே நினைப்பு. உன்னைப் போல் கேட்பவர்கள் இன்னும் இருப்பார்கள் என்பதால் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

நம் ஐம்பெருங்காப்பியங்களின் பெயர்களைச் சொல்லிப் பார். சிலம்பு, மேகலை, குண்டலம், வளை, சிந்தாமணி. ஐந்திலும் ஒரு நகையோ மணியோ இருக்கிறது. மற்ற நான்கையும் இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். உன் வேலைக்கு நெருக்கமானது சிலப்பதிகாரம்தான். அதிலும் நீ முதலில் படிக்க வேண்டியது ஊர்காண் காதை.

கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கப் போகிறான். நவரத்தினக் கடைத்தெருவில் இளங்கோ அவனை நிறுத்தி வைத்து ஒவ்வொரு கல்லாகக் காட்டுகிறார். வைரம் என்றால் காகபாதம், களங்கம், விந்து, ஏகை இல்லாத வைரம். காகபாதம் காக்கைக் கால் தடம் போன்ற கீறல், விந்து புள்ளி, ஏகை கோடு. நீ தினமும் லென்ஸில் தேடுவதும் இவற்றைத்தானே? முத்து என்றால் காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் குற்றம் நேராத முத்து. பவளம் என்றால் நடுவில் துளை, கல்லுக்கிடையே முடக்கம், முறுக்கு எதுவும் இல்லாத பவளம். நீலக்கல்லுக்கு அவர் சொல்லும் உவமை ஒன்று இருக்கிறது: "இருள் தெளித்தனைய". கலங்கலான நீரைத் தெளிய வைப்பது போல இருட்டைத் தெளிய வைத்தால் என்ன நிறம் கிடைக்குமோ, அந்த நிறம். நல்ல நீலக்கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த ஒருவரால்தான் இப்படிச் சொல்ல முடியும் என்று நான் நம்புகிறேன்.

இந்த வரிகளை வெறும் வருணனை என்று பல காலம் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது அப்படித் தாண்ட முடியவில்லை. கல்லில் மயிரிழைக் குற்றம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடும் ஊர் அது. அடுத்த முறை கோவலன் அந்த ஊரின் கடைத்தெருவுக்குப் போவது சிலம்பை விற்க. அன்று அந்தச் சிலம்பை உன்னிப்பாகப் பார்த்தது ஒரே ஒரு ஜோடிக் கண்தான். வயிரம் கட்டிய அந்தப் பசும்பொன் சிலம்பின் வேலைப்பாடு முழுவதையும் பொற்கொல்லன் கூர்ந்து நோக்கினான் என்று இளங்கோ எழுதுகிறார். கூடவே அவனுக்குப் "பொய்த்தொழில் கொல்லன்" என்று பெயரும் வைக்கிறார். தொழில் தெரிந்தவன் பொய் சொன்னான். அரசனோ பார்க்கவே இல்லை.

கண்ணகியின் அழகைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணமான புதிதில் கோவலன் அவளைப் புகழ்கிறான். மாசறு பொன்னே, வலம்புரி முத்தே என்று ஆரம்பித்து, "மலையிடைப் பிறவா மணியே என்கோ" என்று போகும் அந்த வரிகள் உனக்குப் பள்ளியிலேயே பாடம். அதற்குச் சற்று முன்னால் அவன் வேறொன்று கேட்கிறான். மங்கல அணி ஒன்று இருக்க, உன்னை அலங்கரிப்பவர்கள் "பிறிது அணி" எதற்குப் பூட்டினார்கள்? உன் அழகுக்கு வேறு நகை எதற்கு என்கிறான். எந்தப் பெண்ணுக்கும் கேட்க இனிக்கும் பேச்சு.

சரி, இரண்டு காதை தள்ளிப் போ. அவன் மாதவி வீட்டில் இருக்கிறான். பிரிவில் வாடும் கண்ணகியின் காலில் சிலம்பில்லை, இடையில் மேகலை இல்லை. "மங்கல அணியின் பிறிதணி மகிழாள்". அன்று அவன் கொஞ்சிச் சொன்ன அதே பிறிது அணி! அவன் கேட்டபடியே ஆகிவிட்டது. இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் படித்த அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இதற்கு நேர் எதிராக, கடலாடு காதையில் மாதவி கால் விரலிலிருந்து உச்சி வரை பூட்டிக்கொள்ளும் நகைகள் முழுப் பட்டியலாகவே வரும். 32 வடம் முத்துக்கோவை, மரகதமும் வயிரமும் பதித்த மோதிரம், இந்திரநீலம் இடையிட்ட காதணி. ஊடல் தீர்க்கத்தான் அத்தனையும். பாவம், அவளும் அன்று அவ்வளவு ஆசையோடு அலங்கரித்துக்கொண்டாள்.

கோவலன் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வீடு திரும்புகிறான். வறுமை எனக்கு வெட்கத்தைத் தருகிறது என்கிறான். கண்ணகி சிரித்த முகத்தோடு சொல்வது இரண்டே சொல்: "சிலம்புள, கொண்ம்." சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அவளுடைய அழகை எனக்குக் காட்டியது கோவலனின் புகழ்ச்சியை விட இந்த இரண்டு சொல்தான்.

இவ்வளவு குறைவாகப் பேசிய அந்தப் பெண் அரசவையில் எப்படிப் பேசுகிறாள் பார். எடுத்ததும் "தேரா மன்னா" என்கிறாள். தேர்தல் என்றால் ஆராய்ந்து பார்த்தல். குற்றம் தேர்ந்து கல் விற்கும் ஊரின் அரசனை, தேராதவனே என்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று அவன் சொன்னதும் அடுத்த பதில் வருகிறது: "நற்றிறம் படராக் கொற்கை வேந்தே, என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே." அரி என்றால் பரல், சிலம்புக்குள் குலுங்கி ஒலிக்கும் கல்.

அவனை எத்தனையோ பெயரால் அழைத்திருக்கலாம். கொற்கை வேந்தே என்கிறாள். கொற்கை பாண்டியரின் முத்துத் துறை. அவளோ புகாரில் பிறந்தவள். வடமலை மணியும் தென்கடல் முத்தும் வந்து குவியும் துறைமுகம் என்று பட்டினப்பாலை சொல்லும் ஊர் அது. முத்துக்குச் சொந்தக்காரனே, என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறாள். அழுது வீங்கிய கண்ணோடும் ஒற்றைச் சிலம்போடும் நிற்கும்போது இப்படி ஒரு அறிவு! அவன் சிலம்பில் என்ன பரல் என்று அவள் கேட்கவே இல்லை. அவனே சொல்கிறான்: "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே." வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அவள் சொன்னது செவ்வையான நன்மொழி என்று ஒப்புக்கொண்டுதான் அவன் அதைச் சொல்கிறான். அந்த நேர்மைக்காக அவனையும் என்னால் வெறுக்க முடிவதில்லை.

அப்புறம் அவள் சிலம்பை உடைக்கிறாள். "மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே." எத்தனையோ இடத்தில் தெறித்திருக்கலாம் அந்த மாணிக்கம். வாயில் தெறிக்கிறது. "கொன்று அச்சிலம்பு கொணர்க" என்று சொன்னது அந்த வாய்தான்.

நீ கேட்டதற்கு என் பதில் இவ்வளவுதான், கண்ணு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் பொற்சிலம்பு. உள்ளே என்ன இருக்கிறது என்பதில் ஓர் உயிர் இருந்தது. அதை உள்ளே வைத்துக் கதை கட்டியவருக்குக் கல் தெரியாது என்று சொல்லாதே.

பொங்கலுக்கு வரும்போது லென்ஸை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா. பாட்டியின் ஏழு கல் தோடு என்னிடம்தான் இருக்கிறது. இடது காதுத் தோட்டில் ஒரு கல்லுக்குள் மெல்லிய கறுப்பு ஏதோ தெரியும். மாற்றிவிடலாம் என்று எத்தனையோ பேர் சொல்லியும் பாட்டி கடைசிவரை மாற்றவிடவில்லை. அது விந்துவா, ஏகையா, காகபாதமா என்று நீ பார்த்துச் சொல்.

அன்புடன்,
அத்தை