முழங்காலும் மனசும்

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். மனசைப் பற்றி ஒரே வரி: "எதிலும் பிடிப்பில்லை." எனக்கு அந்த வரிதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

வயசானால் இப்படித்தான் என்று தீர்ப்பும் நீயே சொல்லிவிட்டாய். யார் சொன்னது? மனச்சோர்வு ஒரு நோய், வைத்தியம் உண்டு. நம் வயதில் அது பெரும்பாலும் அழுகையாக வருவதில்லை. உடம்பு வலி, தூக்கமின்மை, பசியின்மை, மறதி என்று வேஷம் கட்டி வரும். அதனால் டாக்டரிடம் முழங்காலைக் காட்டும்போதே அந்த ஒரு வரியையும் சொல். கூச்சப்படாதே.

அப்புறம் நடை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நடப்பவர்கள் ஏராளம். மனசுக்காக நடப்பவர்கள்தான் குறைவு. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தார், மனச்சோர்வு இருந்த 156 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 1999இல் வெளியிட்டார்கள். எல்லாரும் 50 வயதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். சிலருக்கு மாத்திரை, சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று கூட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு குணம். மாத்திரை கொஞ்சம் சீக்கிரம் வேலை செய்தது, அவ்வளவுதான். (இதைப் படித்துவிட்டு, டாக்டர் மாத்திரை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதே, தாயே!) அவர்கள் பயிற்சியைக் கூட்டமாகச் செய்தார்கள். பேச்சுத் துணைக்கும் அதில் பங்கு இருந்திருக்கும் என்பது என் எண்ணம். இருக்கட்டுமே, இரண்டும் நமக்கு வேண்டியதுதானே.

உன் நிஜமான தடை முழங்கால் இல்லை என்று நினைக்கிறேன். போன வருஷம் விழுந்தாயே, அந்தப் பயம். பயந்து உட்காருகிறோம், உட்கார உட்காரத் தொடைத் தசை கரைகிறது, நிலை தடுமாறுகிறது, மறுபடி விழும் வாய்ப்பு கூடுகிறது. வெளியே போகாததால் மனுஷ முகமும் குறைந்துபோகிறது. நீ நடையைத் தொடங்குமுன் இதைச் செய். சக்கரம் இல்லாத கெட்டியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடு. முன்விளிம்புக்கு நகர்ந்து உட்கார். பாதங்களைச் சற்றே உள்ளே இழுத்துக்கொள். உடம்பை முன்னால் சாய்த்து எழுந்திரு. முதலில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெல்ல மெல்ல இறங்கு. தசைக்கு உண்மையான வேலை அங்கேதான். சுருக்கென்று வலித்தால் நிறுத்திவிடு.

65 வயதுக்கு மேல் வாரத்துக்கு 150 நிமிடமாவது நடை போன்ற மிதமான உழைப்பு, மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த எண்ணைப் பார்த்து மலைக்காதே. வாசல் வரை போய் வந்தாலும் கணக்கில் சேரும்.

மனசு வந்தால் நடப்பேன் என்கிறாய். மனச்சோர்வில் அது நடக்காதடி. கால் முதலில் கிளம்பட்டும், மனசு பின்னாலேயே வரும்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். இவர் காது மெஷினை டிராயரில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு டிவியை அலற விடுகிறார். நான் காலையில் நடக்கக் கிளம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்!

டாக்டர் என்ன சொன்னார், கைப்பிடியை விட்டு எழ முடிந்ததா, இரண்டையும் எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி