வேடந்தாங்கல் போய்வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "பிள்ளைகளுக்குப் பறவைகளைப் பிடித்திருந்தது அக்கா. மற்றபடி அந்த ஊரில் ஒன்றுமில்லை" என்றாய். பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏறிப் பார்த்தீர்கள், படம் எடுத்தீர்கள், வண்டியைக் கிளப்பிவிட்டீர்கள். பிள்ளைகள் பார்த்த அத்தனை பறவையும் அங்கே வந்து இறங்குவதற்கு அந்த ஊர்தான் காரணம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பேரிலிருந்தே தொடங்குகிறேன். தாங்கல் என்றால் சின்ன ஏரி. செங்கல்பட்டுப் பக்கம் தாங்கல் என்று முடியும் ஊர்கள் நிறைய உண்டு. இது வேடர்களின் தாங்கல் என்கிறார்கள். வேடர் பேரைச் சுமக்கும் ஊர்தான் வேட்டைக்குத் தடை கேட்டுப் போய் நின்றது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுடவும், ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். 1798-இல், இங்கே யாரும் பறவைகளைச் சுடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். கௌல் என்று அதற்குப் பேர். கம்பெனி ஆட்சி முடிந்த 1858-இல் ஊரார் விடாமல் கேட்டு, அந்த உரிமையை அன்றைய கலெக்டரிடம் மறுபடியும் உறுதி செய்துகொண்டார்கள். அரசாங்கம் சரணாலயம் என்று அறிவித்தது 1936-இல்தான். கணக்குப் போட்டுப் பார். அதற்குள் ஊர்க்காவல் 138 வருஷத்தைத் தாண்டிவிட்டது!

ஏன் இவ்வளவு அக்கறை? பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், விவசாயி கண்ணால் பார். ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான், 75 ஏக்கர் வரும். ஐப்பசி மழையில் நிரம்பியதும் நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், வக்கா, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் எல்லாம் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. ஒரே மரத்தில் பத்து இருபது கூடு இருக்கும். இத்தனையின் எச்சமும் நேரே தண்ணீரில் விழுகிறது. அதில் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) உண்டு. மதகைத் திறந்தால் அந்தத் தண்ணீர்தான் நெல்வயலுக்குப் பாய்கிறது. உரம் தனியாக வாங்குவது அந்த அளவுக்குக் குறையும். நத்தைக்குத்தி வயலில் இறங்கி நத்தையைப் பொறுக்கித் தின்பது அதற்கு மேல். அதன் மூடிய அலகின் நடுவே ஒரு சின்ன இடைவெளி தெரியுமே, கவனித்தாயா? நத்தையைப் பிடிக்க வாகான அலகு அது. பிள்ளைகளுக்கு அடுத்த தடவை காட்டு.

எனக்கு ரொம்பப் பிடித்தது என்ன தெரியுமா? இந்தப் பழக்கத்துக்கு வேடந்தாங்கல் மட்டும் சொந்தமில்லை. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. சின்னப் பிள்ளையைப் பட்டாசு வேண்டாம் என்று ஒரு வருஷம் நிறுத்தவே நாம் என்ன பாடு படுகிறோம். ஒரு ஊரே தலைமுறை தலைமுறையாக நிறுத்தியிருக்கிறது.

சட்டப்படி, ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரைக்கும் வேடந்தாங்கல் சரணாலயம்தான். வயலும் தெருவும் அதில் அடக்கம். 2020-இல் அந்த எல்லைக்குள் பாதுகாப்பைக் குறைக்க ஒரு யோசனை வந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்கள் பக்கம்தான் நான். பறவை கூடு கட்டுவது ஏரியில் என்றாலும் இரை தேடுவது சுற்றியுள்ள வயல்களிலும் ஏரிகளிலும். அந்த வயலும் ஏரியும் போனால் இந்த 75 ஏக்கரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2022-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் வேடந்தாங்கல் சேர்ந்தது மனசுக்கு ஆறுதல்.

சரி, தை முடிவதற்குள் இன்னொரு தடவை போய் வாருங்கள். மத்தியான வெயிலில் வேண்டாம், நாலு மணிக்குப் போ. கோபுரத்துக்கு ஓடாமல், முதலில் கரையோரமாக மதகு வரை பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போ. தண்ணீர் எந்த வாய்க்காலில் இறங்கி எந்த வயலுக்குப் போகிறது என்று காட்டு. யாராவது பெரியவர் வரப்பில் இருந்தால் பேச்சுக் கொடு. இருட்டும் நேரத்தில் நாரைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். அதே நேரத்தில், ராத்திரியில் இரை தேடும் வக்காக்கள் "க்வாக்" என்று கத்திக்கொண்டு இரைக்குக் கிளம்பும். இரண்டும் வானத்தில் குறுக்கே கடப்பதைப் பார்த்துவிட்டு, ராத்திரி எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அக்கா