வேகம் கேட்டோமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தக்கலையில் எங்கள் தெருவில் பல வீடுகளில் பிராட்பேண்ட் பிளானை மாற்றிவிட்டார்கள். 'வேகத்தைக் கூட்டியிருக்கிறோம்' என்று ஒரு குறுஞ்செய்தி, அவ்வளவுதான், அதையும் விளம்பரம் என்று நினைத்துப் பலர் திறக்கவே இல்லை, பில் வந்த பிறகுதான் கட்டணமும் கூடிய விஷயம் தெரிந்தது. சரி, வேகம் யார் கேட்டது? தெளிவான ஒரு வீடியோ ஓட நொடிக்கு 5 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகம் இருந்தாலே தாராளம். வளைகுடாவில் இருக்கும் மகனோடு பேசவும், பிள்ளைகள் படிக்கவும், இரவில் டிவி பார்க்கவும் பழைய பிளானே போதுமாக இருந்தது.

499 ரூபாய் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 588 ரூபாய் 82 காசு. 'அன்லிமிடெட்' என்பதிலும் ஒரு டேட்டா வரம்பு ஒளிந்திருக்கும், அதைத் தாண்டினால் நெட் ஊர்ந்துதான் போகும்.

ஒரு பிளானில் சேர்ந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குக் கட்டணத்தை உயர்த்தக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. அதனால் சேர்ந்த தேதியைப் பாருங்கள். வாடிக்கையாளர் சேவையில் புகார் கொடுத்து எண்ணை வாங்கி வையுங்கள், சரியான பதில் வராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை.

அப்புறம், மழைக்காலத்தில் தென்னை மட்டை விழுந்து கேபிள் அறுந்தால் நாள் கணக்கில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கட்டணத்தைக் கூட்டுகிறவர்கள் அந்த நாட்களுக்கான பணத்தையும் பில்லில் தாங்களாகவே கழிக்க வேண்டும்.

- வாசகர், தக்கலை