ஆறு ஏறுமா?

அன்புள்ள கோமு,

ஆறு மாதமாகப் பதில் போடாதவள் என்று நீ ஏசுமுன் நானே ஏசிக்கொண்டேன். அம்மாவுக்கு முழங்கால் தேவலை, சின்னவன் எட்டாவது போய்விட்டான். போதுமா?

விஷயம் இதுதான். நாலாம் வகுப்பில் மேப்பைச் சுவரில் மாட்டி, மேலே வடக்கு, கீழே தெற்கு என்று பழைய பாட்டைப் பாடினேன். தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வழியை விரலால் இழுத்துக் காட்டினேன். விரல் சேரன்மகாதேவி தாண்டித் திருநெல்வேலியை நெருங்கியதும் ஒரு வாண்டு எழுந்தான்.

"டீச்சர், ஆறு மேல ஏறுதே! தண்ணி எப்படி ஏறும்?"

சுலோசனா முதலியார் பாலத்தில் மூன்று வருஷம் பஸ்ஸில் போய்வந்தோமே, கீழே ஆறு வடக்கே ஓடுகிறது என்று ஒரு நாளாவது கவனித்தோமா? நீ ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டதுதான் மிச்சம்.

"நாளைக்குச் சொல்றேன், உட்காரு." கணக்கு சாரின் அதே உத்தி.

மறுநாள் மேப்பைக் கழற்றி வராந்தாத் தரையில் விரித்து, அதன் வடக்கை நிஜ வடக்குப் பக்கம் திருப்பி வைத்தேன். "இப்போ எது மேலே?" ஒருவருக்கும் பதில் இல்லை. அப்புறம் முற்றத்தில் மணலைக் குவித்தோம். மேற்கே அகத்தியமலை, நிஜத்தில் 1,868 மீட்டர், எங்களுக்கு முழங்கால் உயரம். கிழக்கே சரித்துக்கொண்டே போய்க் கடல். நடுவில் ஒரு கல். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். கல்லில் முட்டி வடக்கே திரும்பி, மறுபடி கிழக்கே இறங்கியது.

"ஏறல டீச்சர், வளையுது" என்றான் அவன்.

அத்தோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். வாயே திறக்காத ஒரு பிள்ளை கிட்டே வந்து, "கன்னியாகுமரி பெரிய பள்ளத்துல இருக்கும்னு நெனச்சிருந்தேன்" என்றாள். கோமு, இருபத்திரண்டு வருஷமாகச் சுவரில் மாட்டியே நடத்தியிருக்கிறேன். எத்தனை பேர் அந்தப் பள்ளத்தோடு வீட்டுக்குப் போனார்களோ! அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

அடுத்த பாடம் மணல்மேடு. கேட்டால் ராஜஸ்தான், ஒட்டகம் என்கிறார்கள். உன் வீட்டுக்குப் பின்னால் தேரி செக்கச்செவேல் என்று கிடக்கிறது, அதுவும் காற்று குவித்த மணல்தானே! ஆனித் தேரோட்டத்துக்கு வரும்போது உன் பனங்காட்டு மணல் ஒரு பை கொண்டுவா.

நான் எதிரே வந்து கூட்டிப்போக மாட்டேன். நீ வரைந்து அனுப்பிய வழியை நம்பிச் செங்கல் சூளையில் நின்றது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உன்,
சுப்பு