ரோம் அருங்காட்சியகச் சுற்றுலா: இலவச நாளுக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

உங்கள் நிறுவனம் நடத்தும் ரோம் அருங்காட்சியகச் சுற்றுலாவுக்கு நானும் என் மனைவியும் போன மாதம் வந்திருந்தோம். தங்கும் விடுதி, வண்டி இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதற்காக வந்தோமோ அதில்தான் குறை.

முதலில் வத்திக்கான். 'வரிசையில் நிற்காமல் நுழையும் டிக்கெட்' என்று ரசீதில் தனியாகப் பணம் பிடித்திருக்கிறீர்கள். அழைத்துப் போனதோ மாதத்தின் கடைசி ஞாயிறன்று. அன்றைக்கு வத்திக்கான் அருங்காட்சியகத்தில் எல்லோருக்கும் இலவசம், முன்பதிவே கிடையாது. பகல் 12.30க்கு மேல் உள்ளே விட மாட்டார்கள், 2 மணிக்கு மூடிவிடுவார்கள். இல்லாத டிக்கெட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, மதிலோரம் ஊர்ந்த வரிசையில் ஊரோடு சேர்ந்து நாங்களும் நின்றோம். உள்ளே நுழையும்போது மணி 12 தாண்டிவிட்டது. பாம்புகளிடம் சிக்கிய தந்தையையும் இரு மகன்களையும் காட்டும் லாவோகோன் சிலையில் நான் பார்த்தது, தலைகளுக்கு மேலே தெரிந்த பாம்பு சுற்றிய ஒரு கை மட்டும்தான்.

மறுநாள் திங்கட்கிழமை, பலாஸ்ஸோ மாஸ்ஸிமோ அருங்காட்சியகம். கதவு சாத்தியிருந்தது. திங்கள்தோறும் அதற்கு விடுமுறை. 1885இல் தோண்டி எடுத்த குத்துச்சண்டை வீரர் வெண்கலச் சிலை அங்கேதான் இருக்கிறது. முகத்துக் காயங்களில் ரத்தம் தெரிவதற்காகச் செம்பு பதித்திருக்கிறார்கள். அதைக் கிட்டே நின்று பார்க்கத்தான் உங்கள் சுற்றுலாவையே தேர்ந்தெடுத்தேன். வழிகாட்டி உதட்டைப் பிதுக்கிவிட்டு, "சரி, காபி குடிக்கலாம்" என்றார்.

தொலைபேசியில் கேட்டால், "விடுமுறைக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள். வாராவாரம் வரும் விடுமுறை, திடீரென்று முளைத்ததா? சனிக்கிழமைத் திட்டத்தில் இருந்த காபிடோலைன் அருங்காட்சியகம் திங்களன்றும் திறந்திருக்கும். சனிக்கிழமைத் திட்டத்தையும் திங்கட்கிழமைத் திட்டத்தையும் மாற்றிப் போட்டிருந்தால் போதுமே!

சனிக்கிழமை அந்தக் காபிடோலைனுக்குள்ளும் அழைத்துப் போகவில்லை. வெளிச் சதுக்கத்தோடு சரி. அங்கே குதிரைமேல் இருக்கும் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் சிலைதான் பழங்கால அசல் என்று வழிகாட்டி அடித்துச் சொன்னார். அது நகல். அசல், பக்கத்துக் கட்டடத்துக்குள் கண்ணாடிக் கூரையின்கீழ் இருக்கிறது.

வத்திக்கான் டிக்கெட் கட்டணம் முழுவதையும், பார்க்காத இரண்டு அருங்காட்சியகங்களின் நுழைவுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். ரசீதின் நகலையும் பயணத் திட்டத்தையும் இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அப்புறம், கடைசி ஞாயிறுக்கு அந்த டிக்கெட்டை இன்னும் விற்றுக்கொண்டிருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்