வங்கி கிரெடிட் என்கிறது, நாங்கள் டெபிட் என்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மாதக் கணக்கை அனுப்பியதும் எங்களுக்கு வழக்கமாக வரும் கேள்வி இது: "வங்கியில் பணம் கட்டினேன். அவர்கள் தாளில் கிரெடிட் என்று இருக்கிறது, உங்கள் ஏட்டில் அதே தொகை டெபிட் பக்கம் நிற்கிறது. யார் தப்பு?" இரண்டுமே சரிதான்.

இரண்டும் லத்தீனிலிருந்து வந்த சொற்கள். 'கிரெடெரே' என்றால் நம்புவது, நம்பி ஒப்படைப்பது. நம்பிக் கொடுத்தவர் கிரெடிட்டர். தேவாலயத்தில் 'நம்புகிறேன்' என்று தொடங்கும் விசுவாச அறிக்கைக்கு 'கிரெடோ' என்று பெயர். அதற்கும் இதே வேர்தான்.

'டெபெரே' இன்னும் சுவையானது. பிறருடையதைக் கையில் வைத்திருப்பது, அதாவது கடன்பட்டிருப்பது. 'செய்தே ஆக வேண்டும்' என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆங்கிலத்தில் கடனைக் குறிக்கும் 'டெட்', கடமையைக் குறிக்கும் 'டியூட்டி' இரண்டும் அதன் வழி வந்தவை. நம் 'கடன்' மட்டும் என்னவாம்? வாங்கிய பணமும் கடன், காலைக்கடனும் கடன். இது எங்கள் கண்ணில் பட்ட அன்று அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். நீங்கள் 10,000 கட்டினால், வங்கியை நம்பிக் கொடுத்தவர் நீங்கள். ஆகவே வங்கியின் ஏட்டில் உங்கள் பெயரில் கிரெடிட். உங்கள் ஏட்டிலோ வங்கிதான் கடன்பட்டிருக்கிறது, எனவே டெபிட். பணத்தை எடுக்கும்போது இரண்டும் அப்படியே திரும்பும். கிரெடிட்டை 'வரவு' என்று தமிழில் எழுதியதும் குழப்பத்தைக் கூட்டிவிட்டது. யாருக்கு வரவு என்று அந்தச் சொல் சொல்வதில்லை.

1494இல் வெனிஸில் அச்சான லூக்கா பச்சோலியின் கணித நூல், பேரேட்டின் (ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியே எழுதும் ஏடு) இடப்பக்கத்தில், அதாவது டெபிட் பக்கம், 'தர வேண்டும்' என்றும் வலப்பக்கத்தில், அதாவது கிரெடிட் பக்கம், 'பெற வேண்டும்' என்றும் எழுதச் சொன்னது. ஆட்களின் கணக்குக்கு அது கச்சிதம். வாடகை, சம்பளம் என்று வந்தால் இந்த விளக்கம் கொஞ்சம் இழுபறிதான். அங்கே டெபிட் இடம், கிரெடிட் வலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அடுத்த மாதத்திலிருந்து கணக்கின் தலைப்பில் 'உங்கள் பக்கம் நின்று எழுதியது' என்று ஒரு வரி இருக்கும். வங்கித் தாளோடு ஒப்பிடும்போது பக்கத்தை மாற்றிப் படியுங்கள். அப்புறமும் தொகை இடித்தால் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கர்கள்